ஏறின காசு

1

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது இன்சூரன்ஸ் அட்டை வந்தது. பழைய அட்டை நீலம், இது பச்சை. முன்பைவிடப் பளபளப்பு அதிகம். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ‘டிடக்டிபிள்’ என்று ஒரு சொல் இருக்கும், பக்கத்திலேயே ஓர் எண்ணும் இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் நாம் முதலில் கையிலிருந்து வைக்க வேண்டிய காசு அது. மிச்சத்தை இன்சூரன்ஸ்காரர்கள் கட்டுவார்கள். அந்த எண் இந்த வருஷம் இரண்டு மடங்காகியிருந்தது. அட்டை பளபளப்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் சேகர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏ.சி. குழாய் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் அவர். கட்டட வேலைகள் நின்று, ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கட்டடம் பாதியில் அப்படியே நிற்கத் தொடங்கியதிலிருந்து கம்பெனி எல்லாவற்றிலும் கை வைக்கிறது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு ஊருக்குப் போகும் டிக்கெட், இப்போது இது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது, ரசத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“கலா, உங்க டாக்டர்கிட்ட ஒன்னு கேட்டுச் சொல்லேன். எங்க ஸ்டோர்ல ஒருத்தருக்கு ரொம்ப தாகமா இருக்காம். ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போறாராம். சும்மா கேளு, என்னவா இருக்கும்னு.”

“யாரு அந்த ஒருத்தரு?”

“உனக்குத் தெரியாது. புதுசா வந்திருக்காரு.”

அந்த ஒருத்தர் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் என் காலை மிதித்துவிட்டுத்தான் போகிறார். அதைச் சொல்லவில்லை. ரசம் ஊற்றினேன். இந்த ‘ஒருத்தர்’ எனக்குப் பழக்கமானவர். மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் கிளினிக்குக்கே வந்திருக்கிறார், வேறொருவர் வாய் வழியாக.

2

நான் வேலை பார்ப்பது ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் சின்ன கிளினிக்கில். டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருவர், இன்சூரன்ஸ் கவுண்டரில் நான். டாக்டர் வர்கீஸ் கோட்டயத்துக்காரர், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். முதலாளி வேறு. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பதெல்லாம் கேட்கிறதா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். கேட்கிறது என்றுதான் சொல்கிறார்.

என் வேலை, வருகிற அட்டையை வாங்கி, டிடக்டிபிளை வசூல் செய்து, பெரிய சோதனை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு அனுமதி வாங்குவது. அனுமதிக்குக் காத்திருக்கும்போது போனில் ஒரே பாட்டு ஓடும். என் மகள் வர்ஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தாலாட்டு மாதிரி முணுமுணுப்பாள். அந்த அளவுக்கு நான் வீட்டிலும் அதைப் பாடியிருக்கிறேன் போலிருக்கிறது.

சுற்றிலும் இருக்கும் தொழிலாளர் கேம்ப்களின் அட்டைகளில் இருபது திர்ஹமாக இருந்த டிடக்டிபிள் ஒரு சமயம் ஐம்பதானது. அடுத்த மாதமே எங்கள் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. ஜனங்களுக்கு நோய் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் நாள் வந்திருக்க வேண்டிய காய்ச்சல் பத்தாம் நாள் வந்தது, நெஞ்சில் சளியைக் கட்டிக்கொண்டு. லீவு முடிந்து ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் ரூமுக்கே வேண்டிய மாத்திரைகள் வந்தன. முதலாளி மாதக் கடைசியில் வந்து காலி பெஞ்சைப் பார்த்துவிட்டு, ஸ்டாஃப் குடும்பத்துக்கு இலவசமாகப் பார்ப்பது இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்று டிடக்டிபிளே வாங்காமல் ஆள் பிடிப்பதாகவும் பேச்சு. எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பிறகு புது மாதிரி நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். நல்ல திடகாத்திரமான ஆள் உள்ளே வருவார். இருமல், தொடையில் அரிப்பு, முழங்கால் வலி, கண் எரிச்சல், வயிற்றுப்போக்கு என்று வரிசையாகச் சொல்வார். கேட்டால் எல்லாம் தனக்குத்தான் என்பார். ஒரு தடவை வந்தால் ஒரு டிடக்டிபிள்தானே? ரூமில் காசு சேர்த்து, நன்றாகப் பேசத் தெரிந்தவனை அனுப்பிவைப்பார்கள். வாங்கிப் போகிற மருந்தை ரூமில் பிரித்துக்கொள்வார்கள். நானும் நர்ஸும் இவர்களுக்கு ‘ரூம் நோயாளி’ என்று பெயர் வைத்திருந்தோம்.

மன்னார்குடியில் எங்கள் தெரு முனையில் ஒரு டாக்டர் இருந்தார். அங்கே ஒருவருக்குத் தலைவலி என்றால் மூன்று பேர் துணைக்குப் போவார்கள். மூவரும் டாக்டர் முன்னால் நின்று நோயாளியைப் பேசவிடாமல் பேசுவார்கள். இங்கே ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் துணை. அதிலும் நோயாளிகள் வருவதில்லை, துணைதான் வருகிறது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த பெண் ஒருநாள் போனில் என்னைக் கேட்டாள். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் எப்படி இத்தனை வியாதி வரும்? “பாவம், துரதிர்ஷ்டக்காரர்” என்றேன். அந்தப் பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்தின் காசு எங்கள் தலையில் விழுந்தது.

3

முருகேசன் அப்படி வந்த ஆள்தான். பேராவூரணிக்காரர், முப்பது வயது இருக்கும், வெல்டர். டாக்டருக்குத் தமிழ் புரியும், ஆனால் அவசரமாகப் பேசினால் வழுக்கும். அதனால் தமிழ் ஆட்கள் வந்தால் என்னை உள்ளே கூப்பிடுவார்.

முருகேசன் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். இருமலில் ஆரம்பித்து இடுப்புப் பிடிப்பு வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொன்னார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டே வந்தார். அவருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் எழுதுவார். வராதவனுக்கு இப்படியாவது மருந்து போகட்டும் என்பார்.

“அப்பறம் கால்ல ஒரு புண்ணு இருக்குதுங்க. அடியில. ஒரு மாசமா அது பாட்டுக்கு இருக்கு.”

“வேதனை உண்டா?” என்றார் டாக்டர்.

“அதெல்லாம் இல்லீங்க. வலியே இல்ல. நடந்தா, நின்னா ஒன்னும் தெரியல. பெரிய புண்ணுதான், ஆனா தொந்தரவு கிடையாது.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, “என்ன சொல்றாரு? வலி இல்லன்னா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறியது. இடுப்பு வலிக்கு மாறாத முகம், வலி இல்லை என்றதும் மாறியதைப் பார்த்து நானே திகைத்தேன். அப்புறம்தான் சொன்னார். பெரிய புண் வலிக்கத்தான் வேண்டும். வலிக்கவில்லை என்றால் அந்தக் காலில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை முற்றியிருக்கும். இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும்.

முருகேசனிடம் திரும்பி, “ஷூ ஊரு” என்றார்.

“பேராவூரணிங்க” என்றார் முருகேசன்.

மலையாளத்தில் ‘ஊரு’ என்றால் கழற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. நான் சொன்ன பிறகு முருகேசன் மெதுவாக சேஃப்டி ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார். இரண்டு கால்களும் சுத்தமாக, சிமென்ட் தரை மாதிரி உறுதியாக இருந்தன. ஒரு கீறல் கிடையாது.

“புண்ணு எங்கே?”

முருகேசன் தன் காலைத் தானே குனிந்து பார்த்தார், ஒருவேளை வந்திருக்குமோ என்பது போல.

“யாரு அது?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுக்கா. சத்தியம் வாங்கிருக்காரு.”

“அவரு காலு போயிரும்னு டாக்டர் சொல்றாரு முருகேசா. இது வெளையாட்டு இல்ல.”

கொஞ்ச நேரம் சாக்ஸைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். “தங்கராசு அண்ணன். எங்க ரூம்லயே மூத்தவரு. கம்பி கட்டுறாரு. நீங்க கூப்ட்டாலும் வர மாட்டாருக்கா. கார்டு போட்டா டிடக்ஷன் ஆயிரும்ல?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேம்பில் டிடக்ஷன் என்ற சொல்லைத் தெரியாதவர்கள் கிடையாது. டியூட்டிக்கு லேட்டாக வந்தால் டிடக்ஷன், ஹெல்மெட் இல்லையென்றால் டிடக்ஷன், போர்மேனை முறைத்தால் அதற்கும். சம்பளத்தில் வெட்டு என்று அர்த்தம். யாரோ படித்தவர் அட்டையை வாங்கி அந்தப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். டிடக்டிபிள் ஐம்பது. ஆக, அட்டையைக் காட்டினால் சம்பளத்தில் வெட்டு. போதாததற்கு எந்த நோய்க்குக் காட்டினோம் என்று ஆபீசுக்கும் போய்விடும். என் கவுண்டரில் வாங்கிய காசை டாக்டர் பீஸ் என்றும், டிடக்டிபிள் என்பது அதற்கு மேல் தனியாக விழும் அடி என்றும் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நான் தினமும் நூறு தடவை சொல்கிறேன். அது எதிரில் நிற்பவர் காதில் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

4

மறுநாள் வெள்ளிக்கிழமை, வார லீவு. சேகரைக் கூட்டிக்கொண்டு கேம்புக்குப் போனேன். பொம்பளை உள்ளே போக முடியாது. வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. சேகர் கார் நிறுத்திய இடத்திலேயே நின்று, வெயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராசு அண்ணன் லுங்கியைத் தழையக் கட்டிக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். வெள்ளிக்கிழமை பிரியாணி அவர் கைவேலை போலிருக்கிறது, தோளில் துண்டும் கையில் வெங்காய வாசமுமாக இருந்தார். வலது காலில் ரப்பர் செருப்புக்குள் துணி சுற்றியிருந்தது. நொண்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எதுக்கு தங்கச்சி இம்புட்டு தூரம்? முருகேசன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். எனக்கு ஒன்னும் பண்ணல.”

“ஒன்னும் பண்ணாததுதான் அண்ணே கெடுதல்.”

“அது சரி, பண்ணாலும் கெடுதல், பண்ணாட்டியும் கெடுதல். டாக்டருங்க பொழைக்கணும்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டிடக்டிபிளை விளக்க ஆரம்பித்தேன். தமிழில் சொல்லலாம் என்று ‘பிடித்தம்’ என்றேன். அவ்வளவுதான், முகம் இறுகிவிட்டது. “அதான் தங்கச்சி, நானும் சொல்றேன். பிடிச்சுருவாங்க.” சட்டென்று ‘கழிவு’ என்று மாற்றினேன். “தள்ளுபடியா?” என்று கேட்டார். எத்தனை பர்சென்ட் என்று கேட்காதது ஒன்றுதான் பாக்கி. ப்ளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவள் நான். ஒரு சொல் வாயில் வரவில்லை.

சேகர்தான் காரில் சாய்ந்தபடி அலுத்துக்கொண்டே சொன்னார். “அண்ணே, டாக்சில ஏறி உக்காந்த உடனே மீட்டர்ல ஒரு காசு விழுந்து நிக்கும்ல? வண்டி நகர்றதுக்கு முன்னாடியே?”

“ஆமா. ஏறின காசு.”

“அதான் இது. அத நீங்க கையில குடுத்துருவீங்க. அதோட கலாஸ், முடிஞ்சுது. அப்பறம் வண்டி எவ்ளோ தூரம் ஓடுனாலும் இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். சம்பளத்துல ஒன்னும் வெட்ட மாட்டாங்க.”

தங்கராசு அண்ணன் மனதுக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்திருப்பார். பிறகு கேட்டார்.

“எங்க முதலாளிக்குத் தெரிஞ்சிருமா, எனக்கு என்ன சீக்குன்னு?”

“நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் சொல்ல மாட்டார்” என்றேன். அதற்கு மேல் எனக்கும் உறுதி சொல்லத் தெரியாது. தெரியாததைச் சொல்லவில்லை.

“தாளிச்சு அரிசியப் போட்டுட்டு வந்திருக்கேன். தம் போட்டுட்டு வர்றேன்.”

அன்று மாலையே வந்தார்.

5

டாக்டர் அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, “தொடும்போது சொல்லணும்” என்றார். நான் தமிழில் சொன்னேன். உள்ளங்காலில் இழையை வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. தங்கராசு அண்ணன் பேசாமல் இருந்தார். கட்டைவிரலில் அழுத்தினார், குதிகாலில் அழுத்தினார். புண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், மறுபடி கட்டைவிரலில். அடுத்த காலுக்குப் போனார்.

அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார். “எப்ப தங்கச்சி ஆரம்பிப்பாரு?”

டாக்டர் இழையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “முடிஞ்சிருச்சு அண்ணே” என்று சொல்ல நேரம் பிடித்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அனுமதி வாங்க அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. திரும்பி வந்தவர் கம்பி கட்டும் வேலைக்குப் போக முடியவில்லை. கம்பெனி அவரைக் கேம்ப் மெஸ்ஸில் போட்டது. இப்போதும் அங்கேதான் சமைக்கிறார். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ரூமிலிருந்து ஒருவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். “சொந்தக் காலைக் கொண்டாடா” என்பார்.

அவர் சொன்ன சொல் தொழில்பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. “ஏறின காசு எவ்ளோக்கா?” என்றுதான் இப்போது கவுண்டரில் கேட்கிறார்கள். அர்த்தம் தெரிந்ததால் காசு குறைந்துவிடவில்லை. பெஞ்சு பழையபடி நிறையவும் இல்லை. ஆனால் ரூம் நோயாளிகள் குறைந்தார்கள். சொல் புரியாததுதான் கோளாறு, புரியவைத்தால் தீர்ந்தது என்று நானும் மூன்று வருஷமாகத் திருப்தியாக இருந்தேன்.

6

போன வாரம் வரைக்கும்தான் அந்தத் திருப்தி. என் வீட்டுக்காரருக்கு டிடக்டிபிள் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அதற்குத் தமிழ் கண்டுபிடித்ததில் பாதிப் பங்கு அவருடையது. அவரே ரசத்தைப் பார்த்துக்கொண்டு ‘ஒருத்தர்’ என்கிறார். ஆக, சொல் மட்டும் கோளாறு இல்லை. வாசலில் வைக்கிற காசு ஏற ஏற, மனுஷன் தன் உடம்பைத் தனது என்று சொல்லவே கூசுகிறான். படிக்காதவன் ரூம்மேட்டிடம் சொல்லி அனுப்புகிறான், படித்தவன் பெண்டாட்டியிடம்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் எங்களைத் திட்ட மட்டும். அன்று அவளும் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தாள்.

“அம்மா, இட்ஸ் சிம்பிள். அப்பாவுக்குத்தான். ஹீ ட்ரிங்க்ஸ் மை வாட்டர் ஆல்ஸோ” என்றாள். பிறகு யோசித்து, “அப்பா கால்ல சோடா வருதுன்னு எங்கிட்ட சொன்னாங்களே” என்றாள்.

கால் மரத்துப்போவதற்கு அவளுக்குத் தமிழ்ச் சொல் தெரியாது. சின்ன வயதிலிருந்தே சோடா என்றுதான் சொல்வாள். எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அன்று திருத்தத் தோன்றவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“எப்போலேர்ந்து?” என்றேன்.

சேகர் தட்டில் இருந்த ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“நாளைக்குக் காலையில என்கூட வர்றீங்க.”

“ஒரு மாசம் போகட்டும் கலா. ஸ்கூல் பீஸ் கட்டணும். சும்மா உக்காந்தே வேலை பாக்குறேன்ல, அதான் மரத்துப்போகுது.”

“தங்கராசு அண்ணன் நின்னே வேலை பாத்தாரு.”

சேகர் மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கவுண்டரில் அட்டையை நீட்டினார். நான் கையை நீட்டினேன்.

“புருஷன்கிட்டயே வாங்குறியா?”

“ஏறின காசுங்க. எல்லாருக்கும் உண்டு.”

எடுத்து வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் என்ன புரிந்ததோ, “அச்சா” என்று தலையாட்டினார்.

நர்ஸ் விரலில் குத்தி எடுத்த ரத்தத்திலேயே சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டது. நிறையவே இருந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சேகரிடம் சொன்னார். “ஷூ ஊரு.”

“மன்னார்குடி” என்றார் சேகர். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படுத்தார், கண்ணை மூடினார். டாக்டர் அந்த நைலான் இழையை எடுத்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் நான் கதவருகில் நின்றேன். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கட்டைவிரலின் அடியில் இழையை வைத்து அழுத்தினார். இழை வளைந்தது.

சேகர் பேசாமல் இருந்தார்.

டாக்டர் இழையை எடுத்தார். உள்ளங்காலின் நடுவில் வைத்தார். மறுபடி அழுத்தினார். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

சேகர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“கூசுதுங்க டாக்டர்” என்றார்.

நான் அங்கேயே இருந்த எடை மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.